ஒரு வாரம் கடையை விட்டு ஓமன் போய் வர...



மளிகைக் கடைக்காரர் கடையை அடைத்தார் என்றால், ஒன்று வீட்டில் துக்கம், இல்லையென்றால் ஊரில் கடையடைப்பு என்றுதான் தெருவில் பேசிக்கொள்வார்கள். அந்த அளவுக்கு நாம் கல்லாவோடு கட்டப்பட்டுக் கிடக்கிறோம். சென்ற ஜனவரி மாதக் கடைசியில் நம் சங்கத்தைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் துணிந்து கடையை விட்டுப் புறப்பட்டு, ஏழு நாள் ஓமன் நாட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களில் ஒருவர்கூட அதற்குமுன் தொடர்ந்து மூன்று நாள் கடையைப் பிரிந்ததில்லை. திரும்பி வந்த நாள் முதல் உறுப்பினர்கள் பலர், "எப்படிப் போனீர்கள், எவ்வளவு ஆயிற்று, கடையை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டவண்ணம் இருக்கிறார்கள். ஆகவே, நாங்கள் கற்றதையும் தவறியதையும் இங்கே வரிசையாகத் தருகிறோம்.

எங்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்றே. பயணத்தையும் ஒரு கொள்முதல் போலக் கருத வேண்டும். பருவம் பார்த்து, அளவு பார்த்து, நாணயக் கணக்குப் பார்த்து இறங்கினால் நட்டமில்லை.

எப்படிப்பட்ட நாடு?

அரபுத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில் இருப்பது ஓமன். தலைநகர் மஸ்கட். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம். நம் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டும். பரப்பளவு 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். மக்கள்தொகையோ ஏறக்குறைய 50 லட்சம்தான். கடலும், மணல் பாலைவனமும், 3,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்த மலைகளும் ஒரே நாட்டில் உண்டு.

வணிகர்களாகிய நமக்கு இந்த நாட்டோடு பழைய உறவும் இருக்கிறது. தெற்கே சலாலாவுக்கு அருகில் சும்ஹுரம் என்ற பழந்துறைமுகம் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளது. அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் கீரன் என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓடு அது. பிற்காலத்தில் கட்ச் பகுதியின் மாண்டவியிலிருந்து போன வணிகர்கள் மஸ்கட்டில் நிலைபெற்றார்கள். 1870-ல் தொடங்கிய கீம்ஜி ராம்தாஸ் நிறுவனம் இன்றும் நடக்கிறது. அக்குடும்பத்தின் கனக்சி கீம்ஜிக்கு ஓமன் மன்னர் 'ஷேக்' பட்டம் அளித்தார். 2021-ல் அவர் காலமானார்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1959 முதல் வளைகுடா நாடுகளுக்கென்றே நமது ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்ட பிறகும் ஓமனில் 1970 வரை அது புழங்கியது. இன்றும் அவர்களுடைய சில்லறைக்குப் பெயர் பைசாதான்.

முதலில் பருவம்

பருவம் தெரியாமல் சரக்கு எடுத்தவன் கதி என்னவாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் ஒருவர், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் மே மாதத்துக்கு ஒரு பயண முகவரிடம் முன்பணம் கட்டிவிட்டார். விசாரித்த பிறகுதான் விவரம் தெரிந்தது. மே முதல் செப்டம்பர் வரை மஸ்கட் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2018 ஜூன் மாதம் மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே குரையாத் என்ற ஊரில் நள்ளிரவில்கூட 42.6 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கவில்லை. தேதியை மாற்றச் சொன்னதில் முன்பணத்தில் ஒரு பகுதி போயிற்று. போனது போகட்டும் என்று விட்டோம். வயதான தாயாரோடு அந்த வெயிலில் அலைந்திருந்தால் இன்னும் பெரிய இழப்பு நேர்ந்திருக்கும்.

ஓமனுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் வாய்க்காது.

ஒன்று, நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. மஸ்கட், சூர், நிஸ்வா, பாலைவனம், மலை ஆகியவற்றுக்கு இதுவே காலம். பகலில் 25 டிகிரியை ஒட்டியிருக்கும். மலையில் இரவுக் குளிர் நடுக்கிவிடும், ஸ்வெட்டர் அவசியம்.

இரண்டாவது, ஜூன் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, சலாலாவுக்கு மட்டும். நமக்குக் குற்றாலச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே தோஃபார் மலைகளிலும் தூறல் போடுகிறது. 'கரீஃப்' என்று அதற்குப் பெயர். அரபு நாடு முழுவதும் வெந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு மூலை மட்டும் பச்சைப்பசேல் என்று இருக்கும். தென்னையும் வாழையும் பப்பாளியும் விளையும். வளைகுடா நாடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து குவிவதால் அறை வாடகை ஏறிவிடும். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அக்காலத்தில் கடல் மிகவும் கொந்தளிக்கும். 2022 ஜூலையில் முக்சைல் கரையில் தடுப்பைத் தாண்டிச் சென்ற இந்தியர்கள் சிலரை அலை இழுத்துச் சென்றுவிட்டது. தடுப்புக்கு இப்பாலேயே நின்று பாருங்கள்.

மஸ்கட்டிலிருந்து சலாலா சுமார் 1,000 கிலோமீட்டர். நம் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அதிகம். "ஐந்தே நாளில் மஸ்கட், சலாலா இரண்டும்" என்று யாராவது விளம்பரம் கொடுத்தால், பாதி நாள் விமான நிலையத்திலேயே கழியும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து நம் நாள்காட்டி

அங்கே பருவம் சரியாக இருந்தால் போதாது. நமக்கும் தோது வேண்டும். மளிகைக் கடைக்கு மாதத்தின் முதல் பத்து நாள் உயிர்நாடி. சம்பளம் வாங்கியவர்கள் மாதச் சாமான் எடுப்பதும், பழைய பற்றைத் தீர்ப்பதும் அப்போதுதான். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி. படிவங்கள் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கெடு. ஆகவே, 21-ம் தேதி முதல் 30-ம் தேதி வரை உள்ள நாட்களே நம் கையில் இருப்பவை.

இந்தக் கணக்கை ஓமனின் பருவத்தோடு சேர்த்துப் பாருங்கள். பொங்கல் வியாபாரம் முடிந்த ஜனவரிக் கடைசி வாரம் மிகவும் பொருத்தம். பள்ளிப் பிள்ளைகள் இருப்போர்க்கு அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர்க் கடைசி வாரம் தோதுப்படும். ஆனால் அப்போது விமானக் கட்டணம் கூடுதல். தீபாவளி சற்று முன்னால் வரும் ஆண்டில் நவம்பர்க் கடைசியும் நல்லதே. சலாலா போக விரும்புவோர்க்குத் திருமண ஆர்டர்கள் இல்லாத ஆடி மாதம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ரமலான் நோன்பு ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து வரும். அடுத்து வரும் சில ஆண்டுகளில் அது பிப்ரவரி, ஜனவரி மாதங்களில் விழும். நோன்புக் காலத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் கூடாது. கடை நேரங்களும் மாறும். நாள் குறிக்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரியால் கணக்கு

ஓமன் ரியால் உலகிலேயே மதிப்பு மிகுந்த நாணயங்களில் ஒன்று. 1986 முதல் ஒரு ரியாலுக்குச் சுமார் 2.60 அமெரிக்க டாலர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே, அன்றைய டாலர் விலையை 2.6-ஆல் பெருக்கினால் ரியால் விலை வந்துவிடும். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ரியால் 234 ரூபாய்.

நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. விலைச் சீட்டில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்கும். '12.500' என்றால் பன்னிரண்டரை ரியால். பன்னிரண்டுதானே என்று எளிதாகத் தோன்றும். மேற்படி கணக்கில் அது 2,925 ரூபாய். 200 பைசா டீகூட ஏறக்குறைய 47 ரூபாய். முதல் நாள் மாலை முத்ரா கடைத்தெருவில் சின்னஞ்சிறு எண்களைப் பார்த்து மயங்கி நாங்கள் வாங்கிய பொருள்களின் விலையை இரவு அறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. மறுநாள் முதல் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை வைத்துக்கொண்டோம். கால், அரை, ஒன்று, ஐந்து, பத்து ரியாலுக்கு எதிரே ரூபாய் மதிப்பை எழுதிய அட்டை. அதன் பிறகு செலவு கட்டுக்குள் நின்றது.

முகவர் மூலம் மொத்தமாகப் பயணம் ஏற்பாடு செய்தால் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். அது வீண் செலவன்று; ஆண்டு வருமான வரியில் ஈடு செய்துகொள்ளலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, ரசீதைக் கணக்கரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். விசாவை இணையம் வழியாகவே பெற வேண்டும். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை. புறப்பட ஒரு மாதம் முன்பே பார்க்கவும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

ஏழு நாள் வழி

அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் பழைய கடைத்தெருவில் மதியம் ஒரு மணிக்கு அடைத்து நாலு மணிக்குத் திறப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை எங்கே இருப்பது என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி மற்ற நாட்களை அமைத்தோம்.

ஞாயிறு: மஸ்கட் சேர்ந்து ஓய்வு. ரூவி பகுதியில் நம் நாட்டுச் சைவ உணவகங்கள் உண்டு. வயிற்றுக்குக் கவலை இல்லை.

திங்கள்: காலையில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல். 2001-ல் திறக்கப்பட்டது. பிற மதத்தவருக்குக் காலை 8 முதல் 11 மணி வரை அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலையை மூடி, கை கால் மறைய உடுத்த வேண்டும். பழைய மஸ்கட்டில் சிவன் கோயிலும் இருக்கிறது. மாலையில் முத்ரா கடற்கரையும் கடைத்தெருவும்.

செவ்வாய்: கடலோரமாகச் சுமார் 200 கிலோமீட்டர் பயணித்து சூர். வழியில் பிம்மா என்னுமிடத்தில் நிலம் உள்வாங்கி உண்டான நீல நீர்க் குழி. சூர், மரக்கலம் கட்டுவதற்குப் பேர்போன ஊர். பக்கத்தில் ராஸ் அல் ஜின்ஸ் கரையில் பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும். கோடையில் அதிகம் வரும். குளிர்காலத்தில் வந்தால் அதிர்ஷ்டம்.

புதன்: வாதி பனீ காலித். 'வாதி' என்பது மலையிடுக்கில் ஓடும் காட்டாறு. இங்கே எப்போதும் நீர் உண்டு. முதியோரும் எளிதாகப் போகலாம். மாலையில் ஷர்கியா மணல் குன்றுகள். இரவு பாலைவனக் கூடாரம்.

வியாழன்: நிஸ்வா. பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய பிரமாண்டமான வட்டக் கோட்டை இங்கே உள்ளது. 'ஃபலஜ்' எனப்படும் பழைய நீர்க் கால்வாயையும் பாருங்கள். மலையடி நீரைச் சரிவு மட்டும் கொண்டே ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். நீரை நேரக் கணக்கில் பங்கிடுவதும், ஒரு பகுதியை ஏலம் விட்டுப் பராமரிப்புச் செலவைப் பார்ப்பதும் மரபு. 2006-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

வெள்ளி: விடிந்ததும் நிஸ்வா ஆட்டுச் சந்தை. மூன்று குடும்பத்தினரும் மிகவும் ரசித்தது இதைத்தான். விற்பவர்கள் ஆட்டையும் மாட்டையும் வட்டமாக நடத்திக்கொண்டே விலை கூவுகிறார்கள். சுற்றி இருப்பவர்கள் கைகாட்டி நிறுத்திப் பல்லையும் மடியையும் பார்க்கிறார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து ரகசியமாகப் பேசுவார்களே, அதற்கு நேர்மாறு. எல்லாம் வாய்விட்டு, ஊரறிய. பிறகு ஜபல் அக்தர் மலை. நான்கு சக்கர இழுவை வண்டி இல்லாவிட்டால் அடிவாரத்தில் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சனி: மஸ்கட் திரும்பி, இரவு விமானம்.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். நம்மில் எவ்வளவு பழகிய ஓட்டுநராக இருந்தாலும் உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துவதே மேல். வானம் கறுத்தால் வாதிப் பக்கம் போகவே கூடாது. மழை எங்கோ மலையில் பெய்ய, வெள்ளம் இங்கே திடீரென்று வரும். 2024 ஏப்ரலில் அப்படி வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டி இறக்குவது அங்கே தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

கொண்டு போகக் கூடாதது

மளிகைக்காரர்களாகிய நாம் முக்கியமாக அறிய வேண்டியது கசகசா. நம் கடையில் குருமாவுக்கு எடுத்துக் கொடுக்கும் சாதாரணச் சரக்கு. வளைகுடா நாடுகள் பலவற்றில் அது போதைப்பொருள் வகையில் சேர்ந்து தடை செய்யப்பட்டது. வேறு வளைகுடா ஊரில் விமானம் மாறிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வழக்கமாக மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவர் சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். புகையிலை, பாக்குப் பொட்டலங்கள் வேண்டவே வேண்டாம்.

வாங்கி வரக்கூடியது

முத்ராவில் பார்க்க வேண்டிய சரக்கு குந்திரிக்கம். அங்கே 'லுபான்' என்பார்கள். நம் கடைகளில் விற்கும் சாம்பிராணி வேறு மரத்தின் பிசின்; இது வேறு. தோஃபாரில் மரப்பட்டையைக் கீறிவிட்டு, வடியும் பால் இறுகியதும் சுரண்டி எடுக்கிறார்கள். மழைச்சாரல் எட்டாத, மலைக்கு அப்பாலுள்ள வறண்ட நிலத்துச் சரக்கே உயர்ந்தது. 'ஹோஜரி' என்பது முதல் தரம். வெளிறியோ இளம்பச்சையாகவோ, தெளிவாக இருக்கும். பழுப்பேறியது தரம் குறைவு. நாலு கடை ஏறி இறங்கி, கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். பேரீச்சையில் கலாஸ், ஃபர்த் போன்ற ரகங்கள் உண்டு. உப்பு நீரில் வேகவைத்துக் கறுக்கக் காயவைத்த எலுமிச்சையும், நெய்யும் குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்துக் கிண்டிய ஓமன் அல்வாவும் வீட்டுக்கு நல்லவை.

விற்பதற்கென்று மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். பயணப் பெட்டியில் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதி. வியாபார இறக்குமதிக்கு அதற்குரிய ஐ.இ.சி. பதிவும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். தங்க நகைக்கான சுங்கச் சலுகையும் ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோர்க்குத்தான். ஒரு வாரம் போய் வரும் நமக்கு இல்லை.

கடைக்குச் செய்த ஏற்பாடு

இரண்டு கடைகளை மகனும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது கடையை அடைத்தே போனோம். பதினைந்து நாள் முன்னதாகக் கடை வாசலில், மூடும் நாளையும் திறக்கும் நாளையும் எழுதி அட்டை மாட்டினோம். பற்று வைத்திருக்கும் வீடுகளுக்கு நேரில் சொல்லி, வேண்டிய சாமானை முன்கூட்டியே கொடுத்தோம். முட்டை, தயிர், ரொட்டி போன்றவற்றின் கொள்முதலை நாலு நாள் முன்பே நிறுத்தினோம். மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய தவணையைத் தீர்த்துவிட்டோம். கல்லாவைக் காலி செய்து வங்கியில் கட்டினோம். பக்கத்துக் கடைக்காரரிடம் தினமும் ஷட்டரை ஒரு பார்வை பார்க்கச் சொன்னோம். அடுத்த மாதம் அவர் திருப்பதி போனபோது அவர் கடையை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கிய காலையில், வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்களோ என்று உள்ளுக்குள் அச்சம்தான். முதலில் வந்த அம்மா, "என்ன அண்ணாச்சி, எல்லாரும் நல்லபடியா போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் சிட்டையை நீட்டினார். ஒரு வார விற்பனை போனது உண்மை. பற்று வைத்திருந்த வீடுகளில் ஒன்றுகூட விலகவில்லை.

கடை நமக்கு எப்போதும் இருக்கும். பிள்ளைகள் நம்மோடு வர ஆசைப்படும் வயதும், பெற்றோர் நடக்கக்கூடிய வயதும் கையிருப்பில் வைக்க முடியாத சரக்குகள். அடுத்த ஜனவரியில் போக எண்ணும் உறுப்பினர்கள் தீபாவளிக்கு முன்பே எங்களிடம் பெயர் கொடுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் வண்டிச் செலவு பாதியாகக் குறையும். ரூபாய், ரியால் எழுதிய அட்டையையும் தருகிறோம்.